வழிக்கு வைத்த ஒப்பாரி

என் பேச்சு நீண்டுவிடுமோ என்ற கவலையை மறைக்கத் தெரியாமல் தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் பனைமேட்டுக்குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர் வாசுதேவன் அவர்களே, வலையை உலரவிட்டு வந்து வரிசையாய் வீற்றிருக்கும் பெரியோர்களே, கூடை இறக்கிய களைப்பு ஆறுமுன் குழந்தைகளோடு கூடிவிட்ட தாய்மார்களே, கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கும் நண்பர்களே, அழைப்பிதழ் கொடுக்காமலே ஆண்டு முழுதும் வருகை தரும் கடற்காற்றே, உங்கள் அனைவருக்கும் சதுரங்கப்பட்டினத்துத் தமிழாசிரியை தெய்வநாயகியின் வணக்கம்.

இன்னும் சற்று நேரத்தில் இந்த வெள்ளைத் துணியில் ஒரு படம் ஓடப்போகிறது. ‘கடலுக்குப் போற வழி’ என்ற ஆவணப்படம். எடுத்தவர் சிங்கப்பெருமாள் கோயிலில் கல்யாண வீடியோ எடுக்கும் நம் தேவா. வடக்கே ஒரு விழாவில் பரிசு வாங்கி வந்திருக்கிறது. சென்னையில் இதைத் திரையிட்டபோது கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் எழுந்து, "ஒப்பாரி என்பது அழிந்துவரும் கலை" என்று உருக்கமாகப் பேசினார். பக்கத்தில் இருந்த ரத்னா என் காதில் சொன்னாள்: "இன்னாக்கா இவரு, எங்க குப்பத்துக்கு ஒரு சாவுக்கு வந்தாருன்னா தெரியும்." நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ரத்னா யார்? அதோ, மூன்றாவது வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாளே, அவள்தான். மூடிக்கொள் தாயே, நான் விடப்போவதில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. இந்தக் குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சொகுசு விடுதி எழுந்தது. எழட்டும், நமக்கென்ன பகை? ஆனால் விடுதியோடு வேலியும் எழுந்தது. வேலியோடு இரும்புக் கதவும் எழுந்தது. பாட்டன் நடந்த வழி, பேரன் தவழ்ந்த வழி, பசிக்கு மீன் வந்த வழி, ஒரே இரவில் பூட்டுக்குள் போனது. கரையிலிருந்து மீனோடு சுற்றிக்கொண்டு வந்தால் பஸ்ஸைப் பிடிக்க முடியாது. பஸ்ஸை விட்டால் மீன் கெடும். மீன் கெட்டால் அடுப்பு எரியாது. சாலை மறியல் செய்தார்கள். என்ன நடந்தது? வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து, சாயங்காலம் சாம்பார் சாதம் போட்டு அனுப்பினார்கள். சாதம் நன்றாக இருந்ததா அம்மா? உப்பு இல்லையாம், அங்கிருந்து குரல் வருகிறது. குறித்துக்கொள்கிறோம்.

அப்போதுதான் ரத்னா சொன்னாள்: "மறியல் பண்ணா தூக்கினு பூடுவாங்க. சாவு வூட்டுல எவன் கை வைப்பான்? வழி செத்துப் போச்சுன்னு குந்தி அழுவோம்."

கேட்க எளிது. ஆனால் கரையோரத்துப் பெண்ணுக்கு இது என்ன கேள்வி தெரியுமா? புருஷன் கடலில் இருக்கும்போது ஒப்பாரி வாயில் வரக்கூடாது. முணுமுணுக்கவும் கூடாது. அன்று ரத்னாவின் கணவர் சடையன் கட்டுமரம் ஏறிப் போயிருந்தார். மாமியார் வேண்டா அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்: "புருஷன் கடல்ல கீறான், நீ தலையை விரிச்சுப் போட்டுகினு ஒப்பாரி வைப்பியா?"

ரத்னா கேட்டாள்: "வைக்கலன்னா, திரும்பி வர்ற மனுசன் எந்த வழியா அத்தே வூட்டுக்கு வருவாரு?"

வேண்டா அம்மாள் என்ன செய்தார்? கொண்டையை அவிழ்த்துக்கொண்டு மருமகளுக்கு முன்னே நடந்தார்.

விடுதிக்கு அன்று திறப்பு விழா. வாழைமரம், நாதசுரம், மாலை, மரியாதை. விழாவைப் படமெடுக்க முன்பணம் வாங்கியவர் யார்? நம் தேவா. நல்ல நேரம் நெருங்குகிறது, கதவுக்கு வெளியே ஒரு பாடை வந்து இறங்குகிறது. சுற்றிலும் பெண்கள். ரத்னா குரலெடுத்தாள்:

பனையோரம் பொறந்தவளே,
பாதம்பட்டுத் தேஞ்சவளே,
அம்மன் கோயில் வளைவுலயும்
அலுக்காம நடந்தவளே,
கூடைக்காரி காலறிஞ்ச
குறுக்கு வழியே எந்தாயே,
முள்ளுக்கம்பி கட்டி உன்ன
மூச்சடைச்சுப் போட்டாங்களே.

நாதசுரம் நின்றது. ஐயர் பார்த்தார். தெருவில் பிணம் கிடக்கையில் பூசை எப்படிச் செய்வது? தட்டை இறக்கிவைத்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். சிறப்பு விருந்தினர் சாலை வளைவு வரை வந்து, ஒப்பாரியைக் கேட்டு, அப்படியே திரும்பிவிட்டார். தேவா மட்டும் போகவில்லை. முன்பணம் வாங்கியாயிற்று, எதையாவது எடுத்தாக வேண்டுமே என்று கேமராவைத் திருப்பினார். பரிசு வாங்கிய படம் பிறந்த கதை இவ்வளவுதான், தேவா தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் அந்த நேரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். உள்ளே கோவளத்துக்கு மீன் கொண்டுபோகும் பெண்கள். ஜன்னல் வழியே ஒப்பாரி கேட்டது. நம் வழக்கம் என்ன? கல்யாணத்துக்கு அழைப்பு வேண்டும், சாவுக்குக் காது போதும். பஸ் நின்றது, அத்தனை பேரும் இறங்கினோம். நம் பெண்கள் சாவு வீட்டில் முதலில் யார் செத்தது என்றா கேட்பார்கள்? முதலில் கட்டிக்கொண்டு அழுவார்கள், பிறகுதான் விசாரிப்பார்கள். நானும் அழுதேன். தமிழ் இலக்கணம் நடத்துகிற நான், எழுவாய் தெரியாமலே ஏங்கி ஏங்கி அழுதேன். அழுது முடித்து ஒருத்தி கேட்டாள்: "ஆமா, யாருடி பூட்டாங்க?"

"வழி பூட்ச்சுக்கா."

"எந்த வழி?"

"கடலுக்குப் போற வழி."

ஏமாந்தோம் என்று எழுந்து போனார்களா? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இம்முறை இரண்டு மடங்கு சத்தமாக அழுதார்கள். இது சொந்தச் சாவு அல்லவா?

சாவுச் சேதி என்று நம்பிப் பறையோடு ஓடிவந்தவர்களில் முதல்வர் தர்மராஜ். விஷயத்தைச் சொல்லி, நீங்கள் போய்விடலாம் அண்ணா என்றார்கள். அவர் சொன்ன பதிலைப் படத்தில் கேட்பீர்கள், இருந்தாலும் என் வாயால் ஒருமுறை சொல்ல ஆசை: "வழியை அடைச்சா எப்டி வலிக்கும்னு எங்களுக்கா சொல்ற? எங்கள வுடாத தெருவு எத்தினி கீது தெரியுமா? இன்னிக்கு அடிக்கிற அடி எனக்கும் சேர்த்துத்தான்." பறையை நெருப்பில் காய்ச்சினார், நெஞ்சுக்கு நேரே தூக்கினார், அடித்தார். பறை முழங்க, பாட்டு முழங்க, இரும்புக் கதவு அதிர்ந்ததை நான் கையால் தொட்டுப் பார்த்தேன்.

கலைக்க வந்த காவலர் படைக்கு முன்னால் நின்றவர் ஏட்டு செங்கல்வராயன். ஓய்வு பெற்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார், கைதட்டுங்கள். லத்தியோடு வந்தவர் பாடையைப் பார்த்தார். பழக்க தோஷம், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நம் ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "எப்பம்மா எடுக்கறீங்க?"

ரத்னா கண்ணைத் துடைத்தாள். "எடுக்கலாம் சார். சுடுகாடு வேலிக்கு அந்தப் பக்கம் கீது. வழி இல்லியே."

ஏட்டு விடுதிக் காவலாளியைத் திரும்பிப் பார்த்தார். "பொணத்துக்கு வழி விடுய்யா."

கதவு திறந்தது. தாய்மார்களே, கதவு திறந்தது! பறை முன்னே போனது, பாடை பின்னே போனது. சுடுகாட்டுக்குப் பெண்கள் போகக்கூடாது என்பார்களே, அன்று போனார்கள். கூடையோடு போனார்கள், குழந்தையோடு போனார்கள், கூந்தல் காற்றில் பறக்கப் போனார்கள். பாதி வழியில் பாடையின் துணி விலகியது. உள்ளே ரத்னாவின் மீன்கூடை. ஏட்டு குனிந்து பார்த்தார். "கூடையா?"

"ஆமா சார். இந்த வழியில ரொம்ப நடந்தது இதுதான்."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, "எடுத்தது எடுத்தாச்சு, போங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இன்று அவர் தோளில் இந்தப் பொன்னாடை.

அதே நேரம் கட்டுமரங்கள் கரை சேர்ந்தன. கரையில் பறை, கரையில் பாடை, பெண்கள் தலைவிரி கோலம். சடையன் வலையைப் போட்டது போட்டபடி ஈர மணலில் விழுந்தடித்து ஓடிவந்தார். அம்மாவைப் பார்த்தார், இருக்கிறார். பிள்ளைகளைப் பார்த்தார், இருக்கிறார்கள். ரத்னாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "யாருடி செத்தது?"

"யாரும் சாவலய்யா. வழி பொழச்சுக்கிச்சு, வூட்டுக்கு வா."

அந்த மனிதர் அத்தனை பேர் முன்னால் விம்மி அழுதார். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், குடித்துவிட்டுத் தொடர்கிறேன்.

பிறகு தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் நடந்தது. இங்கே யாரும் நடந்ததே இல்லை என்றது எதிர்த்தரப்பு. தேவா தான் எடுத்த கேசட்டைப் போட்டார். பனை, வளைவு, கோயில், மணல்மேடு என்று வழியின் பிறப்பு முதல் பூட்டு வரை அதில் பெண்கள் தடுமாறாமல் பாடி அழுதார்கள். அதிகாரி நேரில் வந்து, பாட்டு போன வழியே நடந்து பார்த்தார். பாட்டு சொன்ன அடையாளம் ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் இருந்தது. கதவு கழற்றப்பட்டது. எழுதிக் கொடுத்த மனுக்கள் அசைக்காததை அழுத பாட்டு அசைத்தது. பாட்டு அழுவதற்கு மட்டும் என்று எவர் சொன்னாலும் இனி நம்பாதீர்கள். பூட்டைத் திறக்கவும் பாட்டு, கதவைப் பெயர்க்கவும் பாட்டு, நமக்குரியதை நமதென்று நாலு பேர் முன் நிறுத்தவும் பாட்டு.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடிக்கிறேன். பாடிய ரத்னாவுக்கும், அடித்த தர்மராஜுக்கும், எடுத்த தேவாவுக்கும், ஏமாந்து இறங்கி ஏமாறாமல் நின்ற அத்தனை பெண்களுக்கும் என் நன்றி. இந்தத் திரை கட்டியிருப்பது எங்கே என்று கீழே பாருங்கள். அந்தக் கதவு நின்ற குழி உங்கள் காலடியில் இருக்கிறது. படம் முடிந்ததும் யாரும் சுற்றிக்கொண்டு போக வேண்டாம். நேராகப் போங்கள், நம் வழிதான். வணக்கம்.