இல்லை என்று ஆட்டிய தலை

இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றாம் ஆண்டுக் காணும் பொங்கல் திருநாளில், நம் பென்னலூர் மாதர் மன்ற மேடைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் அன்பு நிறை சுந்தராம்பாள் அம்மையார் அவர்களே! ஊர்ப் பெரியவர் கோதண்டராமன் ஐயா அவர்களே! ஷிப்ட் முடிந்து, யூனிபாரத்தைக்கூட மாற்றாமல், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே இங்கே வந்து நிற்கும் அண்ணன்மார்களே! வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு வழியில் நம்மையும் பார்க்க வந்த விருந்தினர்களே! கும்மிக்கென்று கொசுவத்தை இழுத்துச் செருகிக் காத்திருக்கும் தாய்மார்களே! கூட்டத்தின் கடைசியில், குழாயடி ஓரத்தில், வட்டத்துக்கு வெளியே நிற்கும் என்னைப் பெற்ற தாயே, தாயாரம்மாளே! உங்கள் அனைவருக்கும் எழிலரசியின் தலைதாழ்ந்த வணக்கம்.

"வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருக்கிறாய், அதைப் பற்றிப் பேசு" என்றார் தலைவர். பல்கேரியா என்னும் நாட்டில் இயந்திரப் படிப்புப் படித்தேன். ஆனால் இன்று இயந்திரத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை, ஆட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். யாரப்பா அங்கே சிரிப்பது? டில்லிபாபுவா? சிரி, தம்பி. ஆடத் தெரிந்தும் ஆடாமல் நின்றவளின் கதை இது.

என் தாய் கட்டிய கும்மியை இந்த ஊர் மறந்திருக்குமா? அவள் குரலெடுத்தால் பென்னலூர்ப் பெண்கள் கூடினார்கள். அவள் கைதட்டினால் அத்தனை கைகளும் சேர்ந்து தட்டின. என் தந்தை கண்மூடிய பிறகு வந்த காணும் பொங்கலில், அவள் அதோ அந்தக் குழாயடியில் போய் நின்றுகொண்டாள். போ என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை. கும்மி தொடங்கியது. பாதியில் பாட்டு நின்றுபோனது. வட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது: "அடுத்த அடி இன்னா, தாயாரு?"

வெளியே நின்றபடியே என் தாய் அடியெடுத்துக் கொடுத்தாள். கும்மி தொடர்ந்தது.

தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். பாட்டு வேண்டும், பாட்டுக்காரி வேண்டாமா? அடி வேண்டும், அதை எடுத்துக் கொடுத்தவளின் கை வேண்டாமா? அன்று என்னைப் பார்த்து, "நீ போயி ஆடும்மா, நான் இங்க நின்னுகினு பாக்குறேன்" என்றாள். நான் போகவில்லை. என் அம்மாவின் கை தட்டாத வட்டத்தில் என் கையும் தட்டாது என்று வைராக்கியம் கொண்டேன். அந்த வைராக்கியத்தோடுதான் விமானம் ஏறினேன்.

பல்கேரியா போன புதிதில் ஒரு திருவிழா. ஊர்ச் சதுக்கத்தில் எல்லோரும் கைகோத்து நீண்ட வரிசையாக ஆடுகிறார்கள். ஹோரோ என்பது அந்த ஆட்டத்தின் பெயர். எங்கள் விடுதிச் சமையலறையில் வேலை செய்த ஸ்தெஃப்கா என்ற அம்மா வந்து என் முன்னே கையை நீட்டினார். தலையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார், குளிருக்காக இருக்கும் என்று நினைத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இப்படி, இப்படி, பலமாக ஆட்டினேன். அவர் முகம் மலர்ந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரிசையில் சேர்த்துவிட்டார்!

ஏன் தெரியுமா? அந்த நாட்டில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் சரி என்று பொருள். மேலும் கீழும் அசைத்தால் இல்லை என்று பொருள். ஆமாம், சிரியுங்கள், சிரிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

கால் பின்னியது, அழுகை வந்தது. ஆனாலும் ஆடினேன். பேச்சுக்கு என்ன கேட்பது என்று தெரியாமல், அரைகுறை மொழியில், "வீட்டுக்காரர் இருக்கிறாரா?" என்றேன். அவர் மெல்ல மேலும் கீழும் தலையசைத்தார். இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நல்ல குடும்பம் என்று மகிழ்ந்துகூடப் போனேன்.

பிறகொரு நாள் அறைத்தோழி அந்த ஊர்த் தலையாட்டலை எனக்கு விளக்கிச் சொன்னாள். கறுப்புத் துணி எதற்கென்றும் சொன்னாள். கணவனை இழந்தவர்கள் அங்கே கட்டும் துக்கத் துணியாம் அது. இருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்றல்லவா சொல்லியிருக்கிறார்! கணவனை இழந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டல்லவா ஊரே ஆடியது! அடுத்து நின்றவர் கையை விலக்கவில்லையே! ஆட்டமும் நிற்கவில்லையே! அந்த நாட்டிலும் ஆயிரம் குறை உண்டு, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்று அந்த வரிசையில் நான் தேடியது என் தாயின் கையை.

இன்னும் சற்று நேரத்தில் இங்கே கும்மி தொடங்கும். அம்மா! உன்னைத்தான் கேட்கிறேன். உள்ளே வருகிறாயா?

அதோ, திரும்பிப் பாருங்கள். தலையை ஆட்டுகிறாள். வேண்டாம் என்கிறாள். தாய்மார்களே, அது அவள் சொல்லா? நாமெல்லாம் சேர்ந்து அவளுக்குப் பழக்கிவிட்ட சொல்லா? நீங்களே உங்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

யாரது, முனியம்மாள் அத்தையா குரல் கொடுப்பது? "வா, தாயாரு" என்றா சொன்னீர்கள்? இன்னொரு முறை சொல்லுங்கள், அத்தை! எல்லோரும் சொல்லுங்கள்! இந்த ஒரு சொல்லுக்காகத்தானே அவள் இத்தனை பொங்கலாக அங்கே நின்றாள்!

அழுகிறாள். அழுதுகொண்டே இன்னும் தலையை ஆட்டுகிறாள். ஆட்டட்டும்! நான் பல்கேரியாவில் படித்தவள். என் கணக்கில் அதற்குச் சரி என்று பொருள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த மன்றத்துக்கும் என் நன்றி. மற்றதை மேடையில் நின்று சொல்ல முடியாது. கீழே இறங்கி, குழாயடிக்குப் போகிறேன். வட்டத்தில் இரண்டு பேருக்கு இடம் விடுங்கள். வணக்கம்.