முதுகுத் துண்டு

உங்கள் காக்கிச் சட்டையில் இரண்டாவது பொத்தான் தொங்குகிறது, கண்ணு. ஊசியும் நூலும் இருந்தால் பேசிக்கொண்டே தைத்துவிடுவேன். இங்கே ஊசி கொடுக்க மாட்டீர்கள், தெரியும். கையைச் சும்மா வைத்துக்கொண்டு பேசிப் பழக்கமில்லாதவள், அதனால் சொன்னேன்.

மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்தக் கவுன் நான் தைத்ததுதான். சட்டைக்கு வைப்பதுபோல் காலர், மேலிருந்து கீழ்வரை பொத்தான், இடுப்பில் அதே துணியில் பெல்ட். பழைய காலத்து மோஸ்தர். இதற்குத் துணி வெட்ட அளவு காட்டும் பேப்பர் பேட்டர்னை ஆசைப்பட்டு வாங்கிவந்தவள் என் மகள். அவள் அளவுக்குக் கோடு திருத்தி நானே வெட்டிவைத்தேன். துணி எடுப்பதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

பேட்டர்ன் துண்டுகள் மட்டும் அலமாரிக்குள் ஆணியில் தொங்கின. முன் துண்டு, முதுகுத் துண்டு, இரண்டு கை. ஓர் ஆளைப் பிரித்து மாட்டியதுபோல் இருக்கும். கதவைத் திறந்தால் அசையும். "இருடி, வர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சாத்துவேன்.

மாப்பிள்ளை என்னைத் தனியாக விட்டுவிடவில்லை. என்னோடுதான் இருந்தார். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னதும் நான்தான். வந்தவள் தங்கமான பெண். தாராளமான உடம்பு, அதைவிடத் தாராளமான சிரிப்பு. முதல் நாளே என்னை அம்மா என்றாள். மாப்பிள்ளை அவளைப் பூசணி என்பார். "பூசணிய தூக்கிக் காட்டுங்க பார்ப்போம், அப்புறம் பேசுங்க" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் அலமாரியைத் திறந்து துண்டுகளைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, இத எனக்குத் தைச்சுத் தர்றீங்களா?"

"இது உன் அளவு இல்லம்மா."

"அதனால என்ன, பெருசு பண்ணிடுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பேட்டர்னை நெடுக வெட்டி, நடுவில் வேறு காகிதம் ஒட்டினால் அகலம் கூடிவிடும். கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன். என் பெண்ணின் முதுகில் கத்தரி வைப்பதுபோல் இருந்தது. கை வரவில்லை. நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது இது ஒன்றைத்தான், கண்ணு. காகிதத்தை மாற்ற என்னால் முடியவில்லை. ஆகவே மாற வேண்டியது காகிதம் இல்லை என்று முடிவு செய்தேன்.

துணியில் பேட்டர்னை வைத்துச் சுற்றிலும் நிறைய விட்டு வெட்டி, அவளுக்குக் கச்சிதமாகத் தைத்தேன். இரண்டு பக்கமும் பை வைத்தேன். காலர் முனையை வளைத்தேன். என் மகளுக்குக் கூர்முனை பிடிக்காது. பொத்தான்கள் என் மகளின் பழைய கோட்டிலிருந்து எடுத்தவை. வந்தவள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் சுற்றிச் சுற்றி நின்றாள்.

துவைத்து இஸ்திரி போடுவது என் வேலை. ஒவ்வொரு துவைப்புக்கும் பக்கத் தையலைப் பிரித்து ஒரு நூல் அளவு உள்ளே தள்ளிப் பிடித்தேன்.

"அம்மா, இந்தக் கவுனுக்கு என்மேல என்ன கோவம்? மூச்சு விட முடியல."

"துணி சுருங்காதும்மா. நனைச்சுக் காயவெச்சுத்தான் வெட்டினேன்."

"அப்ப நான்தான் ஊதிட்டேனா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

சொல்லவில்லை. டேப்பை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதன் முனைத் தகரத்தைக் கழற்றி, முனையைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, மறுபடி தகரத்தைப் பூட்டியிருந்தேன். எதை அளந்தாலும் கூடுதலாகக் காட்டும்.

முதலில் இரவுச் சாப்பாட்டை விட்டாள். பிறகு காலையில் சாப்பிடுவதை விட்டாள். அலமாரியில் இருந்த அவளுடைய மற்ற துணிகளையும் நான்தான் கவனித்துக்கொண்டேன். அவள் ஒரு பிடி இளைத்தால் நான் இரண்டு பிடி பிடித்தேன். அக்கம்பக்கத்தில் யாராவது "இளைச்சுட்டியே" என்றால், "சும்மா மனசு நோகக்கூடாதுன்னு சொல்றாங்கம்மா" என்று என்னிடம் வந்து அழுவாள். தலையைத் தடவிக்கொடுப்பேன். ஒருநாளும் அவள் தட்டில் நான் குறைத்து வைத்ததில்லை. "ஒரு வாய் சாப்பிடும்மா" என்று கெஞ்சியிருக்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். அவர் பூசணி என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

அப்புறம் படியில் காலடி மாறியது. தொம் தொம் என்று ஏறியவள் பூனைபோல் ஏற ஆரம்பித்தாள். என் மகள் ஏறுவது அப்படித்தான். அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடைசியில் தையல் பேட்டர்ன் கோட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்று காலை வேலைக்குக் கிளம்பி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பெல்ட் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த முதுகு. காலரை ஒரு பக்கமாக இழுத்துவிட்டதுகூட அப்படியே.

"வந்துட்டியாடி?" என்றேன்.

அவள் திரும்பினாள். "யாரும்மா?"

முகம் வேறு யாருடையதோ. முகத்துக்குப் பேட்டர்ன் கிடையாது, கண்ணு. அதை நான் யோசிக்கவே இல்லை.

படி இறங்கும்போது தலைசுற்றி விழுந்தாள். சத்தம் கேட்டுப் போனேன். கவிழ்ந்து கிடந்தாள்; முகம் தெரியவில்லை. மூச்சு இருந்தது, முதுகு மெதுவாக ஏறி இறங்கியது. உடனே ஆள் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். கூப்பிட்டால் வந்து திருப்பிப் போடுவார்கள். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எவ்வளவோ நாளைக்குப் பிறகு கிடைத்த முதுகு. அது அசையாமல் போன பிறகுதான் எழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் கவுனைக் கழற்றிய நர்ஸ் உள்பக்கத்தைப் பார்த்தாளாம். பிரித்த தையலின் ஊசித் துளைகள் வரிசை வரிசையாக நின்றனவாம். தையலுக்கு உள்ளே மடிந்த மிச்சத் துணியை வெட்டி எறிந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் எந்தத் தையல்காரியும் அதை வெட்டமாட்டாள். பின்னால் பிரித்துவிட வேண்டி வரும் என்று விட்டுவைப்பாள்.

கொலை என்று எழுதிக்கொள்கிறீர்கள். எழுதுங்கள். நான் அவள்மேல் கை வைத்தது கடைசியில் தடவிக்கொடுக்க மட்டும்தான்.

துணியெல்லாம் உள்ளே அப்படியே இருக்கிறது. பக்கத் தையலைப் பிரித்துவிட்டால் இந்தக் கவுன் உங்களுக்கே சரியாக இருக்கும். அப்புறம் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் எழுந்து அந்த ஜன்னல் பக்கம் திரும்பி நில்லுங்கள், கண்ணு. முகம் அந்தப் பக்கமே இருக்கட்டும்.