கங்கப்பன் தலையில் பாதி விளைச்சல்

பதினெட்டு ஏக்கர் நஞ்சைக்கும் பன்னிரண்டு முழத் தலைப்பாகைக்கும் சொந்தக்காரராய், இந்தப் பாரூர் வாசகசாலை ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய திம்மப்பன் அவர்களே! முன்வரிசை முழுவதையும் முற்றுகையிட்டிருக்கும் முதியோர்களே! காவேரிப்பட்டணத்திலிருந்து கட்டுச்சோற்றோடு வந்திருக்கும் கனவான்களே! வலப்புறம் வாய்மூடி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மன்னிக்க வேண்டும், வாய் மூடவில்லை. வலப்புறம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த முனிவேலுவின் வணக்கம், வணக்கம், மீண்டும் வணக்கம்!

"ஜப்பான் முறை நெல் சாகுபடி" என்ற தலைப்பில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ஏன் அழைத்தார்கள்? போன போகத்தில் கயிறு பிடித்து வரிசை நடவு நட்டு, தாலுக்காவிலேயே முதல் பரிசாகப் பித்தளைக் குடம் வாங்கியவன் நான். என் வயலின் நெற்கதிரைத் தூக்க முடியாமல் இரண்டு யானைகள் அஞ்செட்டிக் காட்டுக்கே திரும்பி ஓடியது உங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் இன்று நெல்லைப் பற்றிப் பேசமாட்டேன். நெஞ்சு கொதிக்கிறது! நாடி துடிக்கிறது! இன்று நான் பேசப்போவது முடியைப் பற்றி!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். என் அக்காள் மகன் கங்கப்பன் தலையைப் பார்த்து நீங்கள் சிரிக்காத நாள் உண்டா?

அந்தக் கங்கப்பன் யார்? கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். கட்டுப்பாடானவன், கண்ணியமானவன், கள்ளின் வாடை அறியாதவன். இருபத்தாறு வயதில் அவன் நெற்றி ஏறத் தொடங்கியது. ஏறியது, ஏறியது, கிருஷ்ணகிரி மலையில் ஏறுவதைப்போல் ஏறி, உச்சியைத் தொட்டு, மறுபக்கம் எட்டிப் பார்த்தது! சூளகிரியில் அவன் தொப்பியைக் கழற்றினால் ஓசூரில் கண் கூசும். ஆனால் ஒருவனாவது அவனிடம் டிக்கெட் வாங்காமல் தப்பி இறங்கியது உண்டா? ஒரு கர்ப்பிணியாவது அவன் பஸ்ஸில் நின்றுகொண்டு பயணம் செய்தது உண்டா?

அந்தத் தங்கமான பிள்ளைக்கு நம் தலைவர் அவர்களின் திருமகள் சம்பங்கியைப் பெண் கேட்டுப் போனோம். பெண்ணுக்குச் சம்மதம். பெண்ணின் தாயார் பூவம்மாளுக்குச் சம்மதம். தலைவர் அவர்கள் என்ன சொன்னார்கள்? "மாப்பிள்ளை நல்ல பையன்தான். தலைதான் வெறிச்சுன்னு கெடக்குது. முடி வரட்டும், அப்புறமா தாம்பூலம் மாத்திக்கலாம்."

முடி வரட்டுமாம்! முடி என்ன, மூன்றரை மணி பஸ்ஸா, புளியமரத்தடியில் நின்றால் வந்து சேர?

ஆனாலும் என் மருமகன் சளைத்தானா? பெங்களூரில் அமெரிக்கா போய்வந்த ஒரு டாக்டர் இருக்கிறார் என்று பஸ்ஸில் வந்த ஒருவர் சொல்ல, தை மாதத்தில் போய்த் தலையைக் கொடுத்தான். அங்கே என்ன செய்தார்கள்? பின்தலையில் முடி அடர்ந்த இடத்தில் வட்ட வட்டமாகத் தோலோடு துளைத்து எடுத்து, முன்தலையில் குழி போட்டு நட்டார்கள். ஐயா, இது நடவு! பின்னால் நாற்றங்கால், முன்னால் வயல்! இடப்பக்கம் முப்பது குத்து, வலப்பக்கம் முப்பது குத்து. முனிவேலு நட்டிருந்தாலும் அத்தனை வரிசை வந்திருக்காது.

இன்றைக்கு ஆனி மாதம். விளைச்சல் எப்படி? வலப்பக்கம் பாரூர்க் கரும்புத் தோட்டம்! நரி புகுந்தால் வழி தெரியாது! இடப்பக்கமோ எண்ணி ஏழே ஏழு குத்து, ஏரி வற்றியபின் நிற்கும் கோரைபோல் ஒன்றையொன்று பார்த்து ஏங்கிக்கொண்டு நிற்கிறது. அத்திப்பள்ளியில் பஸ் ஏறிய ஒருவன் கன்னடத்தில் கேட்கிறான்: "ஏனப்பா, தலெ மேலெ ஏனு பெளெ?" தலைமேல் என்ன பயிர் என்கிறான்! அவனை விடுங்கள், அவன் அடுத்த ராஜ்யத்துக்காரன். சொந்த ஊர்க்காரர்கள் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பாதித் தலையில ஏதோ சீக்கு, மறைக்கிறாங்க" என்றீர்கள். சொல்லவில்லையா? மூன்றாவது தூண் பக்கம் ஒருவர் தலையைக் குனிந்துகொள்கிறார். நன்றி ஐயா, நீங்களும்தான் சொன்னீர்கள்!

தலைவர் அவர்கள் என்ன செய்தார்கள்? தாம்பூலப் பேச்சை நிறுத்தினார்கள். வருகிற வெள்ளிக்கிழமை அரூரிலிருந்து வேறு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்களாம்! இது நீதியா? இது நியாயமா? முடி கேட்டீர்கள், முடி வந்தது. முடி வந்தபின் மட்டம் கேட்கிறீர்கள்! நாளைக்கு மட்டம் வந்தால் சுருள் கேட்பீர்களோ? சுருளும் வந்தால் சுருளுக்குள் சாமந்திப்பூ கேட்பீர்களோ?

தலைவர் மணி அடிக்கிறார். அடியுங்கள், தலைவர் அவர்களே! அந்த மணி உருகி ஓடினாலும் முனிவேலு உட்காரப்போவதில்லை!

அந்தப் பாதித் தலைக்குச் சீக்கு இல்லை. டாக்டர்மேலும் குற்றமில்லை. குற்றவாளி யார் என்று எனக்குத் தெரியும். அவன் இந்த மேடையில்தான் நிற்கிறான்.

யாரைத் தேடுகிறீர்கள்? ஆமாம். நான்தான்.

டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: "நட்ட முடி முதலில் உதிரும். மூன்று நான்கு மாதம் கழித்துத் தானாக முளைக்கும். எண்ணெய்கூடத் தொடாதே." மூன்றாவது வாரம் முடி உதிர்ந்தது. பயிர் போச்சு என்று நினைத்தேன். விவசாய டிமான்ஸ்டிரேட்டர் நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்? புது உரம் என்றால் பாதி வயலுக்குப் போடு, பாதியைச் சும்மா விடு, பிறகு ஒப்பிட்டுப் பார் என்றார். ஒப்பிட்டுப் பார்க்க, ஐயா, இந்தப் பரிசு வாங்கிய பாவி எடுத்துக்கொண்டது என் அக்காள் மகனுடைய தலையை! வேப்பம்பிண்ணாக்கை ஊறவைத்தேன். ஆட்டுப்புழுக்கையை அரைத்தேன். சாம்பலைச் சேர்த்துக் குழைத்து, இடப்பக்கம் மட்டும் எட்டு நாள் பூசினேன்.

"எரியுது மாமா" என்றான்.

"எரிஞ்சாத்தான்டா வேர் பிடிக்கும், பேசாம உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தான். தகப்பன் இல்லாத பிள்ளை, மாமன் சொன்னால் மறுவார்த்தை இல்லை. ஒன்பதாம் நாள் சீழ் வைத்தது. என் கை படாத பாதி காடாய் வளர்ந்தது. என் கை பட்ட பாதிதான் நீங்கள் சிரிக்கும் பாதி!

இதை அவன் யாரிடமாவது சொன்னானா? பெற்ற தாயிடம் சொன்னானா? சீக்கு என்று நீங்கள் பேசியபோது வாய் திறந்தானா? "சொல்லித் தொலையேன்டா, கல்யாணம் நின்னுடும்போல இருக்குதே" என்று நான் கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? "பித்தளைக் குடத்தோட ஊரைச் சுத்தி வந்தீங்க மாமா. உங்களைப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாது." நான் கேட்கிறேன், தலைவர் அவர்களே! தலையின் மேலே இருப்பதைப் பார்த்து மாப்பிள்ளை தேடுவீர்களா? உள்ளே இருப்பதைப் பார்த்துத் தேடுவீர்களா? மாமனுடைய மானத்தைக் காப்பாற்றத் தன் கல்யாணத்தையே விட்டுக்கொடுக்கத் துணிந்தவன், கட்டிய மனைவியை எங்காவது விட்டுக்கொடுப்பானா? அரூரில் கிடைப்பானா அப்படி ஒருவன்? சேலத்தில் கிடைப்பானா? சென்னைப் பட்டணத்தையே சல்லடை போட்டுச் சலித்தாலும் கிடைப்பானா?

சிரிக்க வேண்டுமா? இதோ நிற்கிறேன். என்னைப் பார்த்துச் சிரியுங்கள்! பாரூர் முழுவதும் சிரிக்கட்டும்! பர்கூர் வரைக்கும் கேட்கட்டும்! அவனைப் பார்த்து இனி ஒருவன் சிரித்தால்... 

யாரது அங்கே, தாய்மார்கள் பக்கம் எழுந்து நிற்பது? சம்பங்கியா? சொல்லம்மா. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, கொஞ்சம் உரக்கச் சொல்லம்மா.

ஐயா, கேட்டீர்களா? கேட்காதவர்களுக்கு நான் சொல்கிறேன். "மணவறையில பொண்ணு உக்கார்றது மாப்பிள்ளைக்கு வலப்பக்கம்தானேப்பா? எனக்குத் தெரியற பக்கம் நல்லாத்தான் இருக்குது. இடப்பக்கத்தை நீங்க பாக்காம இருந்தாப் போதும்." இப்படிச் சொல்கிறது குழந்தை!

கை தட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். தலைவர் எழுந்திருக்கிறார். தலைப்பாகையைச் சரிசெய்கிறார். என்னைப் பார்க்கிறார். சிரிக்கிறாரா, முறைக்கிறாரா, எனக்கே தெரியவில்லை. என்ன சொல்கிறீர்கள் தலைவர் அவர்களே? அரூருக்கு ஆள் அனுப்பி வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறீர்களா? ஆவணியில் முகூர்த்தமா?

இப்போது தட்டுங்கள்! கை சிவக்கத் தட்டுங்கள்! கங்கப்பா, ஏன்டா தூணுக்குப் பின்னால் நிற்கிறாய்? தொப்பியைக் கழற்றிவிட்டு முன்னால் வா!

என்ன? ஒரு நிபந்தனை உண்டா? இந்தக் கல்யாணத்துக்காக எந்த நிபந்தனைக்கும் நான் தயார். சொல்லுங்கள், சபையே கேட்கட்டும்.

"தாய்மாமன் உருமால் கட்டற சீருக்கு முனிவேலு வரட்டும், மாப்பிள்ளை தலையில தலைப்பாகையை நல்லாக் கட்டட்டும். கட்டறதுக்கு முன்னால ரெண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, பூவம்மாகிட்ட காட்டணும்" என்கிறார்!

காட்டுகிறேன், சம்பந்தி! ஏழு தடவை கழுவிக் காட்டுகிறேன்! பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பொறுமையில்லாமல் கேட்ட தாய்மார்களுக்கும், மணி அடிப்பதை நிறுத்திய என் சம்பந்திக்கும் கோடானுகோடி நன்றி. நெல் சாகுபடியைப் பற்றி வேறு யாராவது பேசட்டும். வணக்கம்!