நாற்காலி ஆறக் கூடாது

இரவு பத்து மணி. நாற்பத்திரண்டாம் வருஷம், சித்திரை மாதம். சைதாப்பேட்டையிலிருந்து அடையாறு போகிற சாலை... ஒரு வண்டி இல்லை, ஒரு விளக்கு இல்லை. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதி ஊர் ஓடிப்போயிருந்தது. மீதிப் பேர் ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு உள்ளே கிடந்தார்கள். ஆற்றுப் பக்கம் செத்த மீன் நாற்றம்.

அந்தச் சாலையில் ஒரே ஓர் ஆள் நடந்து போய்க்கொண்டிருந்தார். மெஹபூப் பாஷா. நம் கூட்டாளி வலியுல்லாவின் அக்கா புருஷன். அக்கா சகினாவுக்கு எட்டாம் மாதம். மருத்துவச்சியிடம் சொல்லி வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வலியுல்லா எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அவன் எதிரில் மட்டும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

பாஷா ஒரு டவாலி. மார்பில் சிவப்புப் பட்டை மாட்டிக்கொண்டு துரையின் அறை வாசலில் நிற்கிற வேலை. துரை என்றால் கவர்னர் இல்லை, துணை கவர்னர். கவர்னர் செத்தாலோ, கப்பலேறிப் போனாலோ, அவர் இடத்தில் உட்கார வேண்டியவர். அதுவரைக்கும் வேலை? ஒன்றும் கிடையாது. காத்திருக்க வேண்டும். அதற்கு ஆற்றங்கரையில் பங்களா, தோட்டம், சமையல்காரன், சம்பளம். டேய் ஜவஹர், கதை கேட்க உட்கார்ந்துவிட்டுச் சிரிக்காதே. பல காலமாக ஒருவர் பின் ஒருவராக அதே நாற்காலியில் உட்கார்ந்து, மேலே இருப்பவன் எப்போது ஒழிவான் என்று பார்த்துப் பார்த்தே கிழடாகிப் போனார்கள். ஒருத்தர் தினமும் காலையில் மாடியேறி, பைனாகுலரில் கிண்டி கவர்னர் மாளிகைப் பக்கம் பார்ப்பாராம்... கொடி அரைக் கம்பத்துக்கு இறங்கியிருக்கிறதா என்று. பிணந்தின்னிக் கழுகுக்குக்கூட வேறு வேலை இருக்கும்.

அப்போதிருந்த துரை பங்குனி வெயிலில் அந்த நாற்காலியிலேயே செத்துப்போனார். அவர் கூப்பிடாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு. இரண்டு நாள் அவர் கூப்பிடவில்லை. யாரும் போகவில்லை. மூன்றாம் நாள் ஈ மொய்க்கிற சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தார்கள். நாற்காலியின் தோல் மெத்தையும் அவர் தோலும் ஒட்டிப் போயிருந்தன. பிய்த்துத்தான் எடுத்தார்கள். பாஷா கால் பக்கம் பிடித்தார். சீயக்காய், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுக் கையைத் தேய்த்துப் பார்த்தார்... நாற்றம் போகவில்லை.

மறுவாரம் ஆபீஸ் மானேஜர் கிச்சா, பாஷாவையும் தோட்டக்காரன் கபாலியையும் கூப்பிட்டார். மயிலாப்பூர்க்காரர். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே பேசினார்.

"இங்க ஒரு பழக்கம் உண்டு. ஒரு துரை போய் இன்னொரு துரை வர்ற வரைக்கும் நாற்காலி ஆறப்படாது. ராத்திரில யாராவது ஒருத்தன் உக்காந்துண்டு சூடா வெச்சுக்கணும். காலியாக் கெடக்குன்னு மேல தெரிஞ்சா போஸ்டையே எடுத்துடுவா. அப்புறம் நாம எல்லாரும் தெருவுலதான்."

"அப்போ நீயே குந்திக்க சாமி," என்றான் கபாலி.

"எனக்கு மூலம்டா. சூடு ஆகாது."

முதல் ராத்திரி கபாலி உட்கார்ந்தான். விடிந்ததும் வெளியே வந்து ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தான். "ஐயே... அது சேரே இல்ல நைனா. எனக்குச் செடி போதும்." மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கிச்சா பாஷாவைப் பார்த்தார். "நீயும் மாட்டேன்னா பின்னால நீ குடியிருக்கற கோட்டர்ஸை நாளைக்கே காலி பண்ணு."

சகினாவின் ஜனங்கள் வேலூருக்குப் போய்விட்டார்கள். ரயிலில் மனுஷர்கள் வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டு போகிற நேரம். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருப்பவளை எங்கே கூட்டிப் போவது? பாஷா ஒப்புக்கொண்டார். அன்றைக்குத்தான் அந்த நடை.

அறைக்குள் போனார். சுருட்டு நாற்றம். அதற்கு அடியில் ஊறிய வியர்வை. அதற்கும் அடியில்... வேறொன்று. நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டார், குளிர்ச்சி. மெத்தையைத் தொட்டார், சூடு. இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி. கோணிப்பை ஒன்றை விரித்து உட்கார்ந்தார். காலையில் கோணி நனைந்திருந்தது. மஞ்சளாக. நடுவில் நரைமயிர் ஒட்டியிருந்தது.

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும். பழகிவிடும் என்று நினைத்தார். மனுஷனுக்கு எதுவும் பழகிவிடுகிறது, அதுதான் அசிங்கம்.

பிறகு ஒரு ராத்திரி, உட்கார்ந்தவருக்குத் தெரிந்தது... அடியில் இருப்பது மெத்தை இல்லை. தொடை. இரண்டு தொடைகள். முனையில் முட்டி எலும்பு. பிடரியில் மூச்சு. காதுக்குப் பக்கத்தில் பொய்ப்பல் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம். டக்... டக்... டக். பொறுமையில்லாமல் காத்திருக்கிறவன் பண்ணுகிற சத்தம். அந்தத் தொடைகளுக்கும் அடியிலிருந்து, சுமை தாங்காமல் யாரோ முனகினார்கள். அதற்கும் அடியில், இன்னொருவர்.

அந்த நேரம் பார்த்து, பின்கட்டிலிருந்து சகினா கத்தினாள். நாள் வருமுன்பே வலி.

பாஷா எழப் பார்த்தார். முடியவில்லை. இடுப்பைச் சுற்றி இரண்டு கைகள் கோத்திருந்தன. சதசதவென்று ஈரம்.

"துரை... உட்ருங்க துரை. சம்சாரம் வலில கத்துது."

டக்... டக்... டக்.

விடிகிறவரை அவள் அலறலைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கபாலிதான் ஜட்கா பிடித்துப்போய் மருத்துவச்சியைக் கூட்டி வந்தான். வெளுக்கும்போது பிடி தளர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தார். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். பெண் குழந்தை. நஸ்ருன்னிசா. சகினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனியில் புதுத் துரை வந்தார். அந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "அப்பாடா" என்கிற மாதிரிச் சாய்ந்தார். அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அந்த ஜாதிக்கு உறைக்காது.

சுதந்திரம் வந்தது. பதவியை எடுத்துவிட்டார்கள். கிச்சா வேறு ஆபீசுக்குப் போனார், அதுவும் பிரமோஷனில். பங்களாவைக் காலி பண்ணும்போது, நாற்றம் தாங்காமல் நாற்காலியைப் பின்னால் போட்டுக் கொளுத்தினார்கள். புகை கறி கருகுகிற மாதிரி நாறியதாம். பாஷா தள்ளி நின்று பார்த்தார். விட்டது சனியன் என்று நினைத்தார்.

அன்றைக்கு ராத்திரி தூங்கி எழுந்தால் லுங்கி நனைந்திருந்தது. மஞ்சளாக. தொடை இரண்டும் மரத்துக் கிடந்தன... வெகுநேரம் யாரையோ தாங்கியது போல.

இப்போது அவர் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். உட்கார்ந்தால் சட்டென்று எழ முடிவதில்லை. பெண்ணுக்கு ஏழு வயது. அந்த நாற்காலி, துரை எதையும் அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் கொஞ்ச காலமாக அப்பன் பக்கத்தில்கூட வரமாட்டேன் என்கிறாள். போன ஈத் அன்று வலியுல்லா அவளைப் பிடித்து இழுத்தான்.

"இன்னாம்மா, பெருநாள் அதுவுமா மொறச்சிக்கினு நிக்கிற? போ, அத்தா மடில போய் குந்து."

அவள் அப்பன் மடியைப் பார்த்தாள். பிறகு, அதற்குக் கொஞ்சம் மேலே பார்த்தாள்.

"நான் மாட்டேன் மாமு. அங்க ஒரு தாத்தா குந்திக்கினு கீறாரு. தொடையத் தட்டித் தட்டி என்னிய கூப்ட்டுக்கினே கீறாரு."