கொஞ்சம் அட்ஜஸ்ட்

அட, உக்காருங்கம்மா, இந்த சீட்டுல ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம். நீங்கதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கன்னு சொல்லிட்டீங்களே, அந்தச் சொல்லு காதுல விழுந்தாலே நான் நகந்துடுவேன். உடம்புல ஊறிப்போச்சு.

இல்லையில்ல, கோவமெல்லாம் இல்ல. காலேஜ்ல இங்கிலீஷ் இலக்கியம் படிச்சவ நான். ஜஸ்ட்னா நியாயம், அதனால அட்ஜஸ்ட்னா நியாயம் பண்றதுன்னு ரொம்ப நாளா நம்பிக்கிட்டிருந்தேன். கல்யாணமாகி வந்தப்புறம்தான் அகராதியப் புரட்டினேன். நியாயத்துக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல! அந்தச் சொல்லோட வேரு லத்தீனாம். பக்கத்துலன்னு அர்த்தமாம். பக்கத்துல கொண்டாந்து சேர்க்கறது, அவ்வளவுதான். நியாயம்ங்கறது பின்னாடி எவனோ தப்பா நினைச்சு ஒட்டவெச்சதாம். அவன் யாருக்காவது மாமனாரா இருந்திருப்பான்.

இங்கிலீஷ்காரன் கண்ணாடிய அட்ஜஸ்ட் பண்ணுவான், பெல்ட்ட பண்ணுவான். நம்மாளுங்கதான் ஆளையே பண்ணுவாங்க. வினைச்சொல்லுன்னா ஒரு செயப்படுபொருள் வேணுமில்லையா? எங்க வீட்டுல அது நான்.

மகன் வீட்டுலதான். பேரன் படிக்க ரூம் வேணும்னு என் கட்டில் ஹாலுக்கு வந்துச்சு. ஹாலுக்குப் புது சோபா வந்துச்சு, கட்டில் பால்கனிக்குப் போச்சு. பால்கனிக்கு வாஷிங் மெஷின் வந்துச்சு, நான் பஸ்ஸுக்கு வந்துட்டேன். சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சேன், துணிக்கொடிக்குக் கீழ படுத்துக்கிட்டு. ஈரத்துணி மூஞ்சியிலேயே சொட்டும்.

மகளா? இருக்காளே. கொஞ்ச நாள் தங்கச்சி வீட்டுல அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மான்னு மகன்தான் பஸ் ஏத்திவிட்டான். அவளும் நேத்து போன்ல, வாம்மா, பசங்க கட்டில்லயே ஒரு ஓரமா அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்னா. பாசமாத்தான் சொன்னா. அதான் கஷ்டம். பாசமா சொன்னா எப்படித் திட்டறது?

ஆமா, மக வீட்டுக்கு இந்த ஸ்டாப்புதான். அதோ, பச்சைக் குடை புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பாக்கறாளே, அவதான். என்னை மாதிரியே கழுத்து.

நீங்க எந்திரிக்க வேணாம்மா. நான் இறங்கல. கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். அங்க பொண்ணுங்க விடுதியில வார்டன் வேலை. தனி ரூம், ஒரே ஒரு கட்டில். பக்கத்துல எதுவும் கிடையாது. இன்னும் யார்கிட்டயும் சொல்லல.

கொஞ்சம் முன்னாடி சாஞ்சு உக்காருங்களேன், என் முகம் மறையற மாதிரி. இன்னும், இன்னும் கொஞ்சம்.

பஸ் கிளம்பிருச்சா? கூடவே ஓடி வர்றாளா?

வேணாம். சொல்லாதீங்க.