ஆறாவது புள்ளி

ஹலோ... அக்கா, வச்சுடாத, வச்சுடாத! நான்தான்... தெரியும், ஆபீஸ் நேரம்னு தெரியும். ஒரே ஒரு நிமிஷம். அந்த லெட்டரைக் குடுத்துட்டியா?... அதான், கை நடுங்குது, தண்ணிக் குழாய் மேப் வேலையில இருந்து மாத்திவிடுங்கன்னு எழுதினியே... இன்னும் கையிலதான் இருக்கா? அப்பாடா... மேடம் ரூம் வாசல்லயா? உள்ள போகாத. அங்க பெஞ்சு இருக்குல்ல, உக்காரு... உக்காருக்கா, சொல்றேன்.

உன் கைக்கு ஒண்ணும் இல்ல... இல்ல, எந்த டாக்டரும் சொல்லல, நான் சொல்றேன்... ஆமா, மேப்ல வைக்கிற புள்ளி தானா நகருதுன்னு நீ சொன்னப்ப, உன் கைதான் நடுங்குதுன்னு சொன்னதும் நான்தான்... ஆமா... ஆமா. திட்டு, அப்புறம் திட்டு. முதல்ல கேளு.

காலையில எங்க மேப் சாஃப்ட்வேர் ஆளுங்க எல்லாம் வீடியோவுல கூடினோம்... அதேதான், காசு வாங்காம சாஃப்ட்வேர் செஞ்சு சும்மா குடுக்கிற கும்பல். புதுசா வந்தவங்களுக்கு, பழைய மேப்பை நிஜ ரோட்டோட பொருத்தப் புள்ளி வைக்கிறது எப்படின்னு காட்டிக்கிட்டு இருந்தேன். ஆறாவது புள்ளி எதுன்னு பாக்கலாம்னு தொட்டேன்... தொட்டேன், அவ்வளவுதான். மேப் அப்படியே ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு... ஆமாக்கா. நீ சொன்ன மாதிரியேதான். இருபது பேரு பாத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு பொண்ணு கேக்குது, புள்ளி ஏன் சார் நகந்துச்சுன்னு. எனக்குக் கை நடுங்குதும்மான்னு சொல்ல வாய் வரல... சிரி, பரவாயில்ல, சிரி.

இல்ல, இன்னும் இருக்கு. நீ அனுப்பின ரெண்டு ஃபைலையும் திறந்து பாத்தேன். முதல் நாள் ஃபைல்ல எல்லாப் புள்ளியும் சரியா இருக்கு. மறுநாள் ஃபைல்ல ஆறாவது மட்டும் பதினோரு மீட்டர் தள்ளி... எப்பவா? இன்னைக்குத்தான்... தெரியும், நாலு மாசம் முன்னாடியே அனுப்பின... பாத்துட்டேன்னு சொன்னேன்... சொன்னேன்க்கா. பொய். திறக்கவே இல்ல.

...

நீ எதுக்கு அந்தப் புள்ளியைத் தொட்ட? சரியா இருக்கான்னு இன்னொரு தடவை பாக்கத்தானே? அது எத்தனாவது புள்ளின்னு நம்பரைத் தெரிஞ்சுக்கணும்னா தொட்டுத்தான் ஆகணும், தொட்டா நகரும். அவ்வளவு அழகா செஞ்சு வச்சிருக்கேன். ஏனோதானோன்னு வேலை பாக்கிறவன் திரும்பத் தொடவே மாட்டான், அவனோடது கெடாது. உன்னை மாதிரி ஆளுக்குத்தான் கெடும்... இல்ல, ஐஸ் வைக்கல. சத்தியமா.

வேற யாரும் சொல்லலையான்னா... ஏழு பேரு எழுதியிருந்தாங்க. எல்லாத்துக்கும், கவனமாகப் பயன்படுத்தவும்னு போட்டு மூடிட்டேன்... ஆமா, நான்தான்... ஆமா.

சரி பண்ண அரை நாள் போதும். இனிமே தொட்டா நகராது. நகத்தணும்னா தனியா ஒரு பட்டன். பக்கத்துலயே நம்பர் தெரியும். தப்பாப் போனா ஒரே அமுக்குல பழைய இடத்துக்கு வந்துடும்... தெரியும், எல்லாம் நீ கேட்டதுதான்... ஆமா, அரை நாள்தான்... ஆமாக்கா, நாலு மாசம். சொல்லிக் காட்டு, சொல்லிக் காட்டு.

என்னது?... டாக்டர்கிட்ட போனியா? எத்தனை பேர்கிட்ட?... தலையை ஸ்கேன் வேற எடுத்தியா? மாமா எங்கிட்ட ஒரு வார்த்தை... நீதான் சொல்ல வேணாம்னியா. ஏன்க்கா? சாப்பிடறப்ப எல்லாரையும் வச்சுக்கிட்டு நான் கிண்டல் பண்ணேன், உனக்கு வயசாயிடுச்சுன்னு. விளையாட்டுக்குச் சொன்னா அதைப் போய்...

...

பாப்பாவையா? உன் பொண்ணு குழந்தையையா? பொறந்ததுல இருந்து நீ தூக்கவே இல்லையா?... கீழ போட்டுடுவேன்னு பயமா...

...

எனக்கு... கொஞ்சம் இரு அக்கா. தண்ணி குடிச்சுக்கிறேன்.

...

இருக்கேன். அந்த லெட்டரைக் கிழிச்சுப் போடு. உனக்குப் புண்ணியமாப் போகும்... என்ன? நானா? மேடம்கிட்டயா? அக்கா, விவரமா ஒரு மெயில் போட்டுடறேனே, அதுதான் முறையா... இல்ல, பயம் இல்ல... ஆமா, கொஞ்சம் பயம்தான். அக்கா, எந்திரிக்காத! அக்கா... கதவைத் தட்டிட்டியா?... ஸ்பீக்கர் வேணாம்... சரி. போடு.

வணக்கம் மேடம். நான் அவங்க தம்பி... ஆமா மேடம், அவங்க மேப்பைப் பாத்து அந்த பேக்கரி வாசலைத் தோண்டின விஷயம்தான். குழாய் எதிர்ப்பக்கம் இருந்துச்சு, தெரியும் மேடம்... இல்ல மேடம், அவங்க தப்பா போடல. சாஃப்ட்வேர்ல ஒரு சின்னக் குறை... சின்னதுன்னு சொல்ல முடியாது. பழைய மேப்ல இருக்கிற ரோட்டு மூலையையும் நிஜ ரோட்டு மூலையையும் சேத்து ஒரு புள்ளி வைப்பாங்க மேடம். சரியா இருக்கான்னு அதைத் தொட்டுப் பாத்தாலே நகந்துடுது. நூலளவு நகந்தாலும் ரோட்டுல பதினோரு மீட்டர்... எழுதினது எங்க குழு மேடம்... இல்ல, அந்தப் பகுதியை மட்டும்... நான்தான். நான்தான் மேடம் எழுதினேன்.

ஆமா மேடம்... எழுத்துல தரேன்... என் பேர்லயே தரேன், இன்னைக்கே.

யாரும் சொல்லலையான்னா... சொன்னாங்க மேடம். மூணு தடவை சொன்னாங்க. நான்தான் கேக்கல... யாருன்னா... உங்க முன்னாடி நிக்கிறாங்களே மேடம், அவங்கதான்.

...

ஹலோ? மேடம்?... அக்கா?... என்னமோ கிழியற சத்தம் கேக்குதே... லெட்டரா?