காரணம் எழுதும் கட்டம்

எல்லார் வீட்டிலும் கரப்பானுக்கு மருந்து வாங்குவார்கள், எங்கள் வீட்டில்தான் கரப்பானுக்குக் கேரட் வாங்குவோம். இந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்ததும் எனக்குள் ஓடிய முதல் வரி இதுதான். சொல்லியிருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்களோ என்னவோ. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். வரி உள்ளேயே நின்றுவிட்டது.

அங்கிருந்து ஆரம்பித்தால்தான் மற்றதெல்லாம் புரியும் என்பதால் இப்போது சொல்கிறேன்.

என் தம்பி பல்லி வளர்க்கிறவன். சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, கண்ணாடித் தொட்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டு பெரிய மனிதர் போலப் படுத்திருக்கும். அவை உயிருள்ள பூச்சியைத்தான் தின்னும். அதற்காகப் பின்னறையில் நாலு பிளாஸ்டிக் பெட்டிகளில் கரப்பான் வளர்த்தோம். அடுப்படியில் ஓடுகிற வகை கிடையாது. இவை பறக்காது, வழவழப்பான பெட்டிச் சுவரில் ஏறாது. முட்டை அட்டைகளை நிறுத்தி அடுக்கி வைத்தால் குழிகளுக்குள் குடும்பம் குடும்பமாக ஒண்டிக்கொள்ளும். பெட்டிக்கு அடியில் சூடு தரும் விரிப்பு. இவ்வளவுதான் அதுகளுக்கு உலகம்.

அப்பாவும் அம்மாவும் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது, அவனுக்கு ஒன்பது. அந்தக் கதையை வைத்து உங்களிடம் இரக்கம் கேட்கப் போவதில்லை. எனக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுவேன், முடிவுகளைப் பதிவேட்டில் ஏற்றுவேன். ஆறரைக்கு வீடு வந்துவிடுவேன். ஏழு மணிக்கு அவனும் நானும் பின்னறைக்குள் போவோம். செத்ததைப் பொறுக்கி, வாடிய கேரட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைப்போம்.

"டாக்டரம்மா, இன்னைக்கு எத்தனை சாவு?" என்பான்.

"ரெண்டு. ரெண்டும் வயசான ஆம்பளைங்க."

"ஆம்பளைங்கதான் எப்பவும் முதல்ல போறோம், பாத்தியா?"

நான் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதுவேன். தேதி, பெட்டி, எண்ணிக்கை, காரணம் என்று நாலு கட்டம். எட்டு மணிக்கு முடித்துவிட்டுச் சாப்பிடப் போவோம். ஆறு வருஷம் அந்த ஒரு மணி நேரம் என்னுடையதாக இருந்தது.

பிறகு அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன். பெண்ணைப் பார்த்து முடிவு செய்தவளே நான்தான். பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர். நல்ல பெண். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் தடவை பெட்டியைத் திறந்து காட்டியபோது வீல் என்று கத்தினாள். அடுத்த நிமிஷமே சிரித்தாள். "எனக்கு ஒரு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்ததில்ல உங்க தம்பி. இதுங்களுக்கு மட்டும் சுளை சுளையா உரிச்சு வைக்கறாரு. பாருங்க அண்ணி, யாரு இவரு பெண்டாட்டின்னே தெரியல." நானும் சிரித்தேன். என்னை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். கடைசி வரைக்கும் அப்படித்தான்.

ஒரு மாதம் கழித்துத் தம்பி சொன்னான். "அக்கா, பெட்டியெல்லாம் இனிமே நீயே பாத்துக்கறியா? உன்னவிட யாரு நல்லா பாக்கப் போறா?" ஏழு மணிக்கு அவர்கள் இரண்டு பேரும் நடக்கப் போனார்கள். நான் பின்னறையில் தனியாக உட்கார்ந்து செத்ததை எண்ணினேன். எத்தனை என்று கேட்க ஆளில்லாமல் எண்ணுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கூட்டமாக வந்த முதல் சாவு என் கவனக்குறைவு. ஈரக் கேரட்டை அதிகமாகப் போட்டு மூடியை இறுக்கிவிட்டேன். மூன்றாம் பெட்டியில் பூஞ்சை பிடித்து ஒரே நாளில் நாற்பத்து மூன்று போய்விட்டது. பயந்துபோய்க் கூப்பிட்டேன். நடக்கப் போனவன் பாதியிலேயே ஓடி வந்தான், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையாகத் தூக்கிப் பார்த்தான்.

"ஒரு நேரத்துல ஒன்னை மட்டும் மாத்துக்கா. ரெண்டை மாத்தினா எது கொன்னுச்சுன்னு தெரியாமப் போயிடும்."

நாலு நாள் ஏழு மணிக்கு வந்தான். ஐந்தாம் நாள் சாவு நின்றது. ஆறாம் நாள் அவன் வரவில்லை.

நான் பெரிதாக எதுவும் யோசிக்கவில்லை. பூச்சி செத்தால் அவன் வருகிறான், சாகாவிட்டால் வருவதில்லை. பல்லிக்குத் தின்னப் போடுகிற பூச்சிதானே, எப்படியும் சாகப்போவதுதானே.

அடுத்த வாரம் சூட்டு விரிப்பின் குமிழைத் திருகிச் சூட்டைக் கொஞ்சம் ஏற்றி வைத்தேன். இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டான். காற்றுத் துளைகளில் பாதியை ஒட்டினேன். அதையும் கண்டுபிடித்தான். தண்ணீரை நிறுத்திப் பார்த்தேன், மூன்று நாள் தாங்கியது. நான் வளர்த்த பிள்ளை கெட்டிக்காரன். அதனால் கண்ணில் படாத ஒரு காரணம் தேவைப்பட்டது. எறும்புக்குக் கோடு போடுகிற சாக்பீஸ் இருக்கிறதே, அதை முட்டை அட்டையின் உள்மடிப்பில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். பூச்சிகள் மல்லாந்து விழுந்து கால்களை நடுக்கிக்கொண்டே இருக்கும். நடுக்கம் நிற்க அரை நாள் ஆகும். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

தம்பி தினமும் வந்தான். உணவை மாற்றினான், அட்டையை மாற்றினான். ஒரு நாள் செத்த பூச்சியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இது விஷம்க்கா. யாரோ கைல எதையோ வெச்சுக்கிட்டுத் தொட்டிருக்காங்க." அந்த நேரம் பார்த்து அவள் கூடத்தில் கொசுவுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பிப் பார்த்தான். நான் நோட்டைப் பார்த்தேன். அவளைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னது கிடையாது. விசாரித்துப் பாருங்கள்.

அவர்களுக்குள் பேச்சு குறைந்தது. இன்னொன்றும் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்தே அவளுக்கு மூச்சு இழைப்பு. இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படி ஏற மாட்டாள். எதனால் ஒவ்வாமை என்று பார்க்க எங்கள் பரிசோதனைக்கூடத்தில்தான் ரத்தம் கொடுத்தாள். முடிவு என் கைக்கு வந்தது. கரப்பான் என்ற வரிக்கு நேராக, இருப்பதிலேயே உயர்ந்த அளவு. பதிவேட்டில் சரியாக ஏற்றினேன். அதில் நான் கை வைக்கவில்லை. காகிதத்தை மட்டும் என் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

"ரிப்போர்ட் வந்துச்சாக்கா?"

"தூசின்னு போட்டிருக்குடா. யாருக்குத்தான் இல்ல."

அப்படிச் சொல்லாமல் என்ன செய்வது? உண்மை தெரிந்தால் அன்றைக்கே பெட்டிகளைத் தூக்கியிருப்பான்.

அப்புறம் ஒரு நாள் அவளே பின்னறை வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. "அண்ணி, நான்தான் இதுங்களைக் கொல்றேன்னு உங்க தம்பி நெனைக்கறாரு. எனக்கும் இந்த வேலையைச் சொல்லிக் குடுங்க. ஒரு பூச்சியும் சாகாம நான் பாத்துக் காட்டறேன். இனிமே ஏழு மணிக்கு அவரும் நானுமா உக்காந்து பண்ணிக்கறோம். நீங்க பாவம், வேலைக்குப் போயிட்டு வந்து கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். அதனால்தான் என்னால் மறுக்க முடியவில்லை.

சொல்லிக் கொடுத்தேன். பெட்டியின் அடியில் எச்சமும் உரித்த தோலும் காய்ந்து பொடியாகச் சேர்ந்திருக்கும். சில மாதத்துக்கு ஒரு தடவை அதைச் சலித்து எடுக்க வேண்டும். நாங்கள் வெளியே வெட்டவெளியில், மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு செய்வோம். அவளுக்கு அறைக்குள் சலிக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தம்பி யாருக்கோ பல்லி கொடுக்கப் போயிருந்தான்.

"மூக்குல ஏதாவது கட்டிக்கணுமா அண்ணி?"

"வேணாம்மா. வெறும் மண்ணு மாதிரிதான். ஜன்னலை மட்டும் தொறக்காத, சூடு போயிடும்."

கதவைச் சாத்தினேன். அவளுடைய இன்ஹேலர் அடுப்படி அலமாரியில் இருந்தது. அதை நான் எடுத்து ஒளிக்கவில்லை, எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நோட்டின் அடுத்த பக்கத்துக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை அது வார்த்தையாக வரவில்லை. அலமாரியிலிருந்து பின்னறைக்குப் பதினோரு அடி வைக்க வேண்டும். பிறகு நடந்து பார்த்தேன். பக்கம் முழுவதும் கட்டம் போட்டு முடித்தபோது சத்தம் நின்றிருந்தது. அதன் பிறகு எழுந்து போனேன்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினேன்.

இழைப்பு இருந்த பெண், இன்ஹேலர் கையில் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். என் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெட்டிகளிலும் சாவு நின்றுவிட்டது. பத்து நாள் கழித்து, சரியாக ஏழு மணிக்கு, தம்பி தானாகப் பின்னறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சாவு நின்னுடுச்சாக்கா?"

"நின்னுடுச்சுடா."

"அப்ப அவதானா?" என்று கேட்டுவிட்டு அழுதான். முதுகைத் தடவிக் கொடுத்தேன். அட்டைகளுக்குள் பூச்சிகள் சரசரத்துக்கொண்டிருந்தன. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு மனசு அமைதியாக இருந்தது.

அழுது ஓய்ந்ததும், அவள் பெயரில் பழி நிற்கக் கூடாது, வேறு காரணம் இருக்குமா பார்க்கலாம் என்று நோட்டை எடுத்துப் புரட்டினான். முன்பக்கங்களில் காரணம் எழுதும் கட்டத்தில் நான் 'தெரியவில்லை' என்று போட்டிருந்தேன். ஆனால் இருபது வருஷம் பதிவேடு எழுதிய கை, பொய்யை அப்படியே விட்டுவைக்க முடியவில்லை. கடைசிப் பக்கங்களில் சரியான காரணங்களைத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். சூடு. துளை. தண்ணீர். சாக்பீஸ், மூன்றாம் பெட்டி, ஒரு கோடு. கடைசி வரியில் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதி, ஜன்னல், கதவு, எண்ணிக்கை ஒன்று.

அவன் கத்தவில்லை. "அக்கா, இது உன் கையெழுத்துதானே?" என்று மட்டும் கேட்டான்.

ஆமாம் என்றேன். அவனிடம் நான் எதையும் மறைத்ததில்லை.

என் வாக்குமூலம் என்று நீங்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்திருப்பதை இரண்டு தடவை படித்துவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு தேதிகூடத் தப்பில்லை. "கையெழுத்துப் போட்டுடுங்கம்மா, இதோட முடிஞ்சிடும். உங்க தம்பி கேட்டது ஒன்னே ஒன்னுதான். இனிமே உங்க முகத்தைப் பாக்காம இருக்கணுமாம். நீங்க போடலன்னா ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் கோர்ட்டுக்கு வந்து, உங்க முன்னாடி நின்னு, எல்லாத்தையும் முதல்லேர்ந்து சொல்லணும்" என்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு.

பேனாவை மூடிக் காகிதத்தின் மேலேயே வைத்துவிட்டேன், பாருங்கள். நான் போடப்போவதில்லை.

அவன் வருவான். எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.